காலி இடத்தில் அடைத்த காகிதம்

மார்ச் 4, செவ்வாய்

இன்று கிடங்கில் நூற்றெண்பது பெட்டி கட்டினேன். இருநூறு என்றே வைத்துக்கொள்ளலாம். நான் கட்டிய பெட்டிக்குள் பொருள் உடைந்ததாகச் சரித்திரமே கிடையாது. அந்த ஜாடி கணக்கில் வராது. அது உடையத் தயாராகத்தான் வந்தது.

வீட்டில் அக்கா மகள் சாப்பாட்டுத் தட்டைத் தொடவில்லை. அவள் குழு செய்த நெட்வொர்க் கார்டுக்கு வெள்ளிக்கிழமை சோதனை. தேறாவிட்டால் திட்டத்தையே மூடிவிடுவார்களாம்.

மார்ச் 5

அந்தக் கார்டு என்னதான் செய்யும் என்று கேட்டேன்.

"கம்ப்யூட்டர் குடுக்கற டேட்டாவ முதல்ல தன் பஃபர்ல வாங்கி வச்சுக்கும், மாமா. முன்னாடி விலாசம் போடும், பின்னாடி சரிபார்க்க ஒரு எண் போடும், ஒயர்ல அனுப்பிடும்."

அட, என் பேக்கிங் மேசை! முப்பது வருஷமாக நானே ஒரு நெட்வொர்க் கார்டு.

சிக்கல் இதுதான்: ஒருவருடைய சின்னச் செய்தியின் வாலில் இன்னொருவர் செய்தியின் துண்டு ஒட்டிக்கொண்டு போகிறது. கம்ப்யூட்டர் கொடுப்பது சுத்தம். பிறகு எங்கிருந்து ஒட்டுகிறது? மூன்று வாரமாகத் தேடுகிறாள்.

மார்ச் 6

மானம் போச்சு.

சின்னச் சாமான் பெட்டிக்குள் ஆடாமலிருக்க, ஆபீஸ் குப்பைக் காகிதத்தைக் கசக்கி அடைப்பது என் சொந்தக் கண்டுபிடிப்பு. கோப்பை வாங்கிய ஓர் அம்மாள் அதைப் பிரித்துப் படித்திருக்கிறாள் — மேனேஜர் தன் மனைவிக்கு எழுதி, கொடுக்காமல் போட்ட மன்னிப்புக் கடிதம்! போன் போட்டு அவருக்கே வாசித்துக் காட்டியிருக்கிறாள்.

"அடைக்க உனக்கு வேற காகிதமே கெடைக்கலையாய்யா?"

"கைக்குப் பக்கத்துல அதான் சார் கெடந்துச்சு."

வீட்டில் சொன்னேன். அக்காவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. அவள் மகள் சிரிக்கவில்லை.

"மாமா, சின்னச் சாமானுக்கு மட்டும்தானே அடைப்பீங்க?"

"ஆமா. பெருசுன்னா அடைக்க எடம் ஏது?"

விருட்டென்று எழுந்து போய்விட்டாள். எனக்கு ஓர் ஆறுதல் வார்த்தைகூட இல்லை!

மார்ச் 7, வெள்ளி

கார்டு அனுப்பும் ஒவ்வொரு செய்திப் பொட்டலமும், அதாவது பாக்கெட்டும், அறுபத்துநான்கு பைட்டுக்குக் குறையக் கூடாதாம். குறைந்தால் கார்டே மிச்ச இடத்தை நிரப்பும். எதை வைத்து? முந்தைய பாக்கெட் பஃபரில் விட்டுப்போன மிச்சத்தை வைத்து! அதற்கும் அதுதான் கைக்குப் பக்கத்தில் கிடந்திருக்கிறது. இனி வெறும் பூஜ்யம் போட்டு நிரப்பும்படி மாற்றிவிட்டாள்.

தேறிவிட்டது. தேறிவிட்டது!

மார்ச் 10, திங்கள்

சோதனை அறிக்கையில், பிழையை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்ற இடத்தில் அவள் எழுதியது: 'என் மாமா பெட்டியில் காகிதம் அடைக்கும் விதத்திலிருந்து.' அச்சிட்டு வாங்கி, கிடங்கு முழுக்கக் காட்டினேன்.

லாரிக்காரர் படித்துவிட்டு, "யோவ், இது நீ பண்ண தப்பையில்ல சொல்லுது?" என்றார்.

"தப்புன்னா என்ன? அச்சுல வந்துச்சா இல்லையா?"

மேனேஜர் ஒரு கட்டு வெற்றுத்தாள் கொடுத்தார். ஒவ்வொன்றையும் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துத்தான் அடைத்தேன். அதனால் வேலை கொஞ்சம் மெதுவாக நடந்தது.

நூற்றுநாற்பத்தொரு பெட்டி. நூற்றுநாற்பத்தொன்றேதான்.