நம் மகள் மேடையில் செத்துக் கிடந்தபோது

என் சரசு புள்ள,

நீ போனபிறகு வருகிற முதல் திவசம். பேப்பரில் உன் போட்டோவைப் போட்டு, "ஆறாத் துயரில் வாடும் கணவர், மகள்" என்று நாலு வரி போட்டால் போதும் என்றார்கள். எனக்கு எதையும் நாலு வரியில் சொல்ல வராது என்று உன்னைவிட யாருக்குத் தெரியும்? சாதாரண தரப் பரீட்சையில் கணக்கில் கோட்டை விட்டவன் நான். தமிழில் மட்டும் பாஸ். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன். பிழை இருந்தால் அங்கிருந்தே திட்டு. உன்னிடம் திட்டு வாங்கி ரொம்ப நாளாகிவிட்டது.

வீட்டுச் செய்தியைச் சொல்கிறேன். த்ரீவீல் ஆட்டோ ஓடுகிறது. தெரணியகலை ஸ்டாண்டில் என் வாயும் ஓடுகிறது. நான் வைக்கிற பருப்பை நல்லாயிருக்கு என்று தர்ஷினி சொல்கிறாள். பாவம், உன் மகளுக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை.

எனக்கு இருந்த பயம் வேறு. அவள் அழவே இல்லை, சரசு. தேயிலை மலையில் கொழுந்து பறிக்கும்போது குளவி கொட்டி, ஆஸ்பத்திரியிலிருந்து உன்னைப் பெட்டியில் கொண்டுவந்த அன்றைக்கும் அழவில்லை. கீழ் லயத்து வரிசையில் இருக்கிற மாரியாயி அக்கா அவளைக் கட்டிப்பிடித்து, "அழுதுரு புள்ள, நெஞ்சுல வச்சுக்காத" என்று உலுக்கினார். இவள் நிமிர்ந்து பார்த்து, "பெரியம்மா, பிளேன்டீ குடிக்கிறீங்களா?" என்று கேட்டாள். வந்தவர்களுக்கெல்லாம் அன்றைக்கு டீ ஊற்றியது அவள்தான். அப்புறம் வருசம் பூராவும் அப்படியே. நான் ஜோக் சொன்னால் சிரிப்பாள். அழாத பிள்ளை சிரிப்பதைப் பார்த்துப் பயந்து இன்னொரு ஜோக் சொல்வேன். யாரிடம் போய்ச் சொல்வது?

இந்த நேரத்தில்தான் ஸ்கூலில் இங்கிலீஷ் தினத்துக்கு நாடகம் போட நஸ்ரின் டீச்சர் அவளைச் சேர்த்துக்கொண்டார். இங்கிலீஷ்காரர்களின் பழைய சோக நாடகமாம். பகையான இரண்டு குடும்பம். இந்த வீட்டுப் பையனும் அந்த வீட்டுப் பெண்ணும் ரகசியமாகக் கல்யாணம் கட்டி, கடைசியில் இரண்டு பிள்ளைகளும் செத்துப்போகிறார்கள். அந்தப் பெண் நம் தர்ஷினி. நான் வெங்காயம் வெட்ட, அவள் அடுப்படியில் நின்று பாடமாக்குவாள்.

"அப்பா, இந்த எடத்தைக் கேளுங்க. கட்டின புருசனே அவளோட அண்ணன் மொறையானவனக் கொன்னுட்டான். சேதி வந்ததும் ஒரே மூச்சுல அவனத் திட்டுறா, கொஞ்சுறா. வெசமும் நீதான், மருந்தும் நீதான்னு நம்மாளுங்க சொன்னா எப்பிடி, அந்த மாதிரி."

"பைத்தியம் புடிச்சிருச்சா?"

"இல்லப்பா. 'முரண்'னு டீச்சர் சொன்னாங்க. ஒத்துவராத ரெண்டு சொல்ல ஒண்ணாக் கட்டிப் போடுறது. மனசு ரெண்டாப் பொளந்து கெடக்குன்னு காட்ட."

"இதுக்கு எதுக்கு இங்கிலீஷ்காரன்? 'நாசமாப் போற மனுசா, சோறு ஆறுது, வந்து தின்னு'ன்னு உங்கம்மா தெனமும் சொல்லுமே!"

சிரித்தாள். பிறகு கொஞ்சம் யோசித்து, "அது வேறப்பா. அம்மாவுக்குத் திட்டு மேல, பாசம் உள்ள. இங்க ரெண்டுமே மேலதான் நிக்குது. ரெண்டுமே நெசம்" என்றாள்.

அந்த நாடகத்தில் வெளிச்சம்கூடத் தலைகீழாம். விடிந்தால் அந்தப் பையன் ஊரைவிட்டு ஓட வேண்டும். அதனால் சூரியன் வருவதுதான் அவர்களுக்கு இருட்டாம். நான் சும்மா இருந்திருக்கலாம். "உங்கம்மாவுக்கும் விடியறது புடிக்காது, பெரட்டுக்களத்துக்குப் பேர் குடுக்க ஓடணுமே" என்றேன். இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை. புத்தகத்தை மூடிவிட்டு விறகு எடுக்கப் போய்விட்டாள். நீ கடைசியாக வேலைக்குப் போனதும் ஒரு விடியற்காலைதானே? என் வாய்க்கு அது உறைக்கவில்லை.

நாடகத்தன்று மாரியாயி அக்காவையும் அவர் நாத்தனாரையும் த்ரீவீலில் ஏற்றிக்கொண்டு போனேன். வழியில் அக்காவுக்குக் கதை சொல்ல வேண்டியதாகிவிட்டது.

"பகையான வீடுன்னா, ஒரே லயத்துலயா இருந்தாங்க தம்பி?"

"இல்லக்கா. ரெண்டும் பங்களா மாதிரிப் பெரிய வீடு."

"பங்களாக்காரங்களுக்கு என்னா பகை? அவங்க என்னா தண்ணிக் குழாய்க்கா அடிச்சுக்கப் போறாங்க?"

மண்டபம் நிறைந்திருந்தது. மேடையில் அந்தப் பெண்ணின் தகப்பன் அவளுக்கு வேறு மாப்பிள்ளை பார்த்துவிடுகிறான். தப்பிக்க வழியில்லாமல், செத்தவளைப் போலக் கிடக்கச் செய்கிற ஒரு மருந்தை அவள் குடிக்கிறாள். கல்யாணத்துக்கு எழுப்ப வந்தவர்கள் பார்த்தால் கட்டிலில் பிணம். கல்யாண விருந்துக்கு ஆக்கியதெல்லாம் சாவுச் சாப்பாடாகிவிட்டது. வெள்ளைத் துணியில் நம் பிள்ளை கண்மூடிக் கிடந்தாள், சரசு. உன்னை அப்படியே உரித்து வைத்திருந்தாள்.

சபையில் ஒரு சத்தமில்லை. நம் தோட்டத்துப் பழக்கம் உனக்குத் தெரியும்; காமன் கூத்தில் காமன் எரியும்போது பெண்கள் ஒப்பாரி வைக்காமல் வாயை மூடிக்கொண்டிருந்தால் அது கூத்துக்கே அவமரியாதை. மாரியாயி அக்காவுக்கு இதுவும் கூத்துதானே! எழுந்தார். மார்பில் அடித்துக்கொண்டு, "அய்யோ எம் மகளே!" என்று ஆரம்பித்துவிட்டார். நாத்தனாரும் சேர்ந்துகொண்டார். முன்வரிசைப் பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். நான் நாற்காலிக்குள் சுருங்கிப்போய் அக்காவின் சேலையை இழுத்தேன்.

"அக்கா, நாடகம்க்கா! புள்ள உசிரோடதான் இருக்கா!"

"எனக்குத் தெரியாதா? நீ சும்மா இருடா!"

ஒப்பாரியின் அடுத்த அடி உன் பெயருக்கு வந்துவிட்டது.

"கிள்ளின கொழுந்து வாடலையே, சரசு,
கிள்ளாத நீ வாடினியே..."

சிரிப்பு அடங்கிவிட்டது. திரையை மூட ஓடிவந்த நஸ்ரின் டீச்சர் கயிற்றைப் பிடித்தபடி அப்படியே நின்றார். நான் மேடையைப் பார்த்தேன். செத்துக் கிடந்தவளின் மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கிக் காதுப்பக்கமாக ஓடியது. வெள்ளைத் துணி ஏறி இறங்கியது. பிறகு அந்தப் பிணம் வாய்விட்டு, "அம்மா" என்று கத்தி அழுதது.

சாவு பொய், அழுகை மெய். இரண்டும் ஒரே கட்டிலில் கிடந்தன. மனசு இரண்டாகப் பிளந்து கிடப்பது என்று அவள் அடுப்படியில் சொன்னது எனக்கு அப்போதுதான் பிடிபட்டது. அவள் அழுவதைப் பார்க்க நெஞ்சு வெடித்தது. அவள் அழுகிறாளே என்று சந்தோசமாகவும் இருந்தது. இதுவும் ஒரு தகப்பனுக்கு வரலாமா, சொல்லு?

நாடகத்தைக் கெடுத்துவிட்டோமே என்று டீச்சரிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நாடகம் இன்னும் முடியல அங்கிள். அவளுக்கு இன்னொரு சாவு பாக்கியிருக்கு. போய் உட்காருங்க" என்றார். தர்ஷினி முகம் கழுவி வந்தாள். மயக்கத்திலிருந்து எழுந்தாள், பக்கத்தில் புருசன் செத்துக் கிடப்பதைப் பார்த்தாள், மறுபடியும் ஒழுங்காகச் செத்தாள்.

திரும்பும்போது அக்காமாரைக் கீழ் லயத்தில் இறக்கிவிட்டு மேலே ஏறிக்கொண்டிருந்தோம். பின்னாலிருந்து குரல் வந்தது.

"அப்பா."

"என்னம்மா?"

"அம்மா செத்துப்போச்சுப்பா."

யாரோ அப்போதுதான் வந்து தகவல் சொன்ன மாதிரி சொன்னாள். வண்டியை ஓரங்கட்டினேன்.

"ஆமா புள்ள" என்றேன். இறங்கிப்போய்ப் பின்சீட்டில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அதற்குமேல் எழுத வேண்டாம்.

இப்போது அவள் அழுகிறாள், சரசு. துணி காயப்போடும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது, நினைத்த இடத்தில். அழுது முடித்து நன்றாகச் சாப்பிடுகிறாள். என் பருப்பில் உப்பு இல்லை என்று நேற்று உண்மையையே சொல்லிவிட்டாள்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இனிமேல் அவள் கண் கலங்கினால், சிரிக்க வைக்கிறேன் என்று ஓடிப்போய் நிற்க மாட்டேன். வாயைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன், அவள் அழுது முடிக்கும்வரை. எனக்கும் வந்தால் நானும் அழுவேன். நீ பார்த்துச் சிரிக்கக் கூடாது. சிரித்தாலும் பரவாயில்லை, கொஞ்சம் கேட்கிற மாதிரிச் சிரி.

ஒருநாளும் நீ பெயர் சொல்லிக் கூப்பிடாத,
உன் தர்ஷினி அப்பா