நெப்டியூன் சடையங்குப்பத்தில் இருக்கிறது

எம்.கே.பி. நகர்
அக்டோபர் 9

அன்புள்ள நைனாவுக்கு,

'மதிப்பிற்குரிய தந்தை அவர்களுக்கு' என்று தொடங்க வேண்டும் என்று ஃபிர்தௌஸ் மிஸ் போர்டில் எழுதிப் போட்டார்கள். நானும் அப்படியே எழுதினேன். படித்துப் பார்த்தால் லீவ் லெட்டர் மாதிரி இருந்தது. ரப்பரால் அழித்துவிட்டு நைனா என்றே எழுதிவிட்டேன். தாள் கிழிந்த இடம் அதுதான்.

என்ன திடீரென்று கடிதம் என்று நினைப்பாய். இந்தப் பருவம் முழுக்க எங்கள் ஏழாம் வகுப்புக்கு விண்வெளிதான். கணக்கிலும் அதுதான், தமிழிலும் அதுதான். நாங்கள் எல்லோரும் விண்வெளி வீரர்கள். பூமியில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் சேதி அனுப்பலாம், அதுவும் கடிதத்தில். போன் கூடாது. அவ்வளவு தூரத்திலிருந்து பதில் வரக் காத்திருந்து பழக வேண்டுமாம். மற்றவர்கள் ஊரில் இருக்கிற சித்தப்பா, பெரியம்மா என்று எழுதினார்கள். நான் உன் பெயரை எழுதினேன்.

அம்மா முதலில், "அந்தாளுக்கு இன்னாத்துக்கு லெட்டரு?" என்றது. மார்க் இருக்கிறது என்றேன். மார்க் என்றால் அம்மா எதற்கும் சம்மதிக்கும். உன் முகவரியை பீம்ராவ் மாமாதான் உன் கன்டெய்னர் யார்டு வாசலில் விசாரித்து வந்தார். உன் பழைய நம்பர் போகவே மாட்டேன் என்கிறது. வேலைக்குப் பக்கத்தில் இருந்தால் வசதி, இரண்டே மாதம் என்று சொல்லிவிட்டுப் போனாய். இரண்டு வருடம் ஆகப்போகிறது நைனா.

பதில் கட்டாயம் எழுது. எழுதாவிட்டால் எனக்கு மார்க் இல்லை.

உன் அன்பு மகள்,
ல. கார்குழலி
ஏழாம் வகுப்பு 'ஆ'


சடையங்குப்பம்
அக்டோபர் 15

என் குழலிக்கண்ணுக்கு நைனா எழுதுவது.

போஸ்ட்மேன் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும், யார்டில் மெமோ அனுப்பிவிட்டார்கள் என்று பயந்துவிட்டேன். பிரித்தால் உன் கையெழுத்து. மூன்று முறை படித்தேன். நான் எட்டாவதோடு நின்றவன், தப்பு இருந்தால் மிஸ்ஸிடம் காட்டாதே.

பெற்ற அப்பனுக்கு எழுதும்போதும் இனிஷியல் போடுவாயா? ஆனாலும் உன் பெயருக்கு முன்னால் அம்மா பெயரின் 'வே' இல்லாமல் அந்த 'ல' குந்தியிருப்பதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அங்கேயாவது லட்சுமணனுக்கு ஒரு இடம் இருக்கிறதே.

இங்கே அதே ஃபோர்க்லிஃப்ட்தான். கப்பலுக்குப் போகிற பெட்டிகளைத் தூக்கி அடுக்குகிறேன். இரண்டு டன் பெட்டி நிலாவில் எவ்வளவு எடை வரும்? மிஸ்ஸிடம் கேட்டு எழுது, ஆட்களிடம் பந்தா காட்டலாம்.

இன்னொன்று. யார்டில் ஒருத்தருக்கு ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. நிலா வருகிற மாதிரி பெயர் கேட்கிறார். பெண்பிள்ளைக்கு நிறைய இருக்கிறது, பையனுக்கு எனக்குத் தோன்றவில்லை. உனக்குத் தெரிந்தால் சொல்.

அம்மா நன்றாக இருக்கிறாளா? கேட்டேன் என்று சொல்ல வேண்டாம். சும்மா கேட்டேன்.

உன் நைனா,
லட்சுமணன்


எம்.கே.பி. நகர்
அக்டோபர் 24

அன்புள்ள நைனாவுக்கு,

இரண்டு டன் பெட்டி நிலாவில் முந்நூற்று முப்பது கிலோ மாதிரிதான் இருக்கும். நீ அங்கே வேலைக்குப் போனால் முதுகு வலியே வராது.

பெயர் விஷயத்தை வகுப்பில் சொன்னேன். ஒரே ரகளை. ஃபர்ஹான் "மூன் பாய்னு வையுங்க" என்றான். நான் நிலவன் என்றேன். மிஸ் அதைப் போர்டில் எழுதி, இதைவிட நல்ல பெயர் கிடைக்காது என்று எனக்குக் கை தட்டச் சொன்னார்கள். அந்த மாமாவிடம் பெயர் வைத்தது குழலி என்று சொல். பாப்பாவுக்கு என் சார்பில் ஒரு முத்தம் கொடு.

இப்போது பெரிய சேதி. நாங்கள் சூரியக் குடும்பத்தையே சாலையில் வைக்கப்போகிறோம், சரியான அளவில். எங்கள் மைதானத்தில் சுண்ணாம்பால் வரைந்த வட்டம் சூரியன், மூன்றே முக்கால் மீட்டர். பூமி ஒரு எலுமிச்சம்பழம், நானூறு மீட்டர் தள்ளி ஜூடி அக்காவின் ஜெராக்ஸ் கடையில். வியாழன் பெரிய பூசணிக்காய், மூலக்கடைக்கு முன்னால் சிவந்தி அண்ணாச்சியின் மளிகைக் கடையில். யுரேனஸ் மணலியில் ஃபர்ஹானின் பெரியப்பா ஒர்க்ஷாப்பில். நெப்டியூன் ஒரு தேங்காய், நீலப் பெயின்ட் அடித்தது. அது பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி வரவேண்டும். எங்கே வருகிறது சொல் பார்க்கலாம். உன் வீட்டில்!

ஒரு ரகசியம், யாரிடமும் சொல்லாதே. எல்லோரும் சூரியனை ஃபுட்பால் அளவுக்கு வைக்கலாம் என்றார்கள். வைத்தால் நெப்டியூன் அடுத்த பஸ் ஸ்டாப்பிலேயே முடிந்துவிடும். நான் மாமா போனில் உன் வீடு எவ்வளவு தூரம் என்று பார்த்து, நெப்டியூன் பூமியைவிட முப்பது மடங்கு தூரம் என்பதால் அதை முப்பதால் வகுத்து, அதற்கு ஏற்ற மாதிரி சூரியன் அளவைச் சொன்னேன். ஏன் இவ்வளவு பெரிது என்று மிஸ் கேட்டார்கள். மைதானம் பெரிதாக இருக்கிறதே மிஸ் என்றேன்.

நீதான் நெப்டியூனின் காவலர். சரியா?

உன் அன்பு மகள்,
ல. கார்குழலி


சடையங்குப்பம்
நவம்பர் 2

என் குழலிக்கண்ணுக்கு,

நிலவன் என்ற பெயர் அவர்களுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அதையே வைத்துவிட்டார்கள். நீ கெட்டிக்காரி.

சூரியனை ஊதிப் பெருக்கி என்னையும் உள்ளே சேர்த்துக்கொண்டாயே, அதைப் படித்துவிட்டு வேலையில் கவனம் போய் ஒரு பெட்டியைக் கம்பத்தில் இடித்துவிட்டேன். சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். பரவாயில்லை.

ஆனால் கண்ணு, நீங்கள் யாரும் இவ்வளவு தூரம் வரவேண்டாம். இது லாரி போகிற ரோடு, ஒரே புழுதி. தேங்காயை நானே ஒருநாள் பள்ளிக்கூடத்துக்கு வந்து வாங்கிக்கொள்கிறேன்.

நீ கைக்குழந்தையாக இருந்தபோது சாயங்காலமானால் நிறுத்தாமல் அழுவாய், காலை மடக்கி மடக்கி. அம்மா ஏதோ செய்வாள், உடனே தூங்கிப்போவாய். என்ன என்று எவ்வளவு யோசித்தும் வரவில்லை. கேட்டு எழுது. அந்த யார்டுக்காரர் பாவம், பிள்ளையை வைத்துக்கொண்டு பேஜாராகிறார்.

உன் நைனா


எம்.கே.பி. நகர்
நவம்பர் 10

அன்புள்ள நைனாவுக்கு,

நீ கேட்டதை அம்மாவிடம் சொன்னேன். இட்லிக்கு மாவு ஊற்றிக்கொண்டிருந்த அம்மா அப்படியே நின்றுவிட்டது. "அதெல்லாம் அந்தாளுக்கு இன்னும் ஞாபகம் கீதா?" என்று கேட்டு, சிரித்தது. நைனா, உன் பேச்சை எடுத்து அம்மா சிரித்து நான் பார்த்து எவ்வளவு நாளாகிறது தெரியுமா? "வவுத்துல வெளக்கெண்ண தடவி, வெத்தலய அனல்ல வாட்டி மேல போடச் சொல்லு. சூடு பாத்துப் போடச் சொல்லு" என்றது. அப்புறம் அரைமணி நேரம் கழித்து வந்து, "வெத்தலய மொதல்ல உன் கன்னத்துல வெச்சிப் பாக்கச் சொல்லு" என்று சேர்த்துச் சொன்னது.

நேற்று நெப்டியூன் பாடம். அதை யாரும் முதலில் கண்ணால் பார்க்கவில்லை. யுரேனஸ் போகவேண்டிய வழியில் ஒழுங்காகப் போகாமல், யாரோ இழுக்கிற மாதிரி விலகி விலகிப் போனதாம். அதை வைத்துக் கணக்குப் போட்டு, அங்கே இன்னொரு கோள் இருக்கவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். தொலைநோக்கியைத் திருப்பினால் இருந்தது.

22ஆம் தேதி சனிக்கிழமை வேனில் போய் எல்லாக் கோள்களையும் வைக்கிறோம். நேரில் வந்து வைத்தால்தான் மார்க் என்று மிஸ் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். டிசம்பர் 5 கண்காட்சி. அன்றைக்குக் காவலர்கள் எல்லோரும் தங்கள் கோளை எடுத்துக்கொண்டு பள்ளிக்கு வரவேண்டும். அம்மா துணிக் கம்பெனியில் இப்போதே லீவு சொல்லிவிட்டது. "அவரு வர்றாராமா?" என்று இரண்டு முறை கேட்டது. அந்தாளு இல்லை, அவரு!

நீ வா. தேங்காயோடு வா. அப்படியே எங்களோடு வீட்டுக்கு வந்துவிடு. நான் இந்தக் கடிதமெல்லாம் எழுதுவதே அதற்குத்தான், மார்க்குக்கு இல்லை.

உன் அன்பு மகள்,
ல. கார்குழலி


சடையங்குப்பம்
நவம்பர் 17

குழலிக்கண்ணு,

அவசரமாக எழுதுகிறேன். 22ஆம் தேதி வராதீர்கள். இங்கே தண்ணீர் வந்துவிட்டது. மழையோடு ஏரியையும் திறந்துவிட்டதில் தெருவில் முழங்காலுக்கு மேல் நிற்கிறது. ரோடு தெரியவில்லை, வேன் வரவே முடியாது. இந்தப் பக்கம் எப்படி என்று அம்மாவுக்கும் தெரியும், அவளிடம் கேள். நான் கட்டில்மேல் அடுப்பை வைத்து ஏதோ சமாளிக்கிறேன். வடிய மாதக் கடைசி ஆகும். மிஸ்ஸிடம் இந்தக் கடிதத்தையே காட்டு, மார்க் போடுவார்கள். என்னைப் பற்றிக் கவலைப்படாதே.

வெற்றிலை வைத்தியம் நன்றாகக் கேட்டது என்று அம்மாவிடம் சொல்.

நைனா


சடையங்குப்பம்
நவம்பர் 24

குழலிக்கண்ணு,

நேற்று டூட்டி முடிந்து வந்தால் வீட்டில் நம்முடைய டிபன் கேரியர் இருந்தது. மூடியில் உன் பெயர் வெட்டியிருக்கிற கேரியர். பக்கத்தில் தேங்காய். அப்புறம் எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். ஒவ்வொரு கடிதத்திலும் சொல்லத்தான் உட்கார்ந்தேன். உன் எழுத்தைப் பார்த்தால் தைரியம் போய்விடும். ஞானசெல்வி யார்டு கேன்டீனில் வேலை செய்தவள். ஒன்றரை வருடமாக இங்கேதான் இருக்கிறாள். அவள்மேல் தப்பில்லை. உங்களிடம் எல்லாம் சொல்லிவிட்டேன், நீங்களும் ஒத்துக்கொண்டீர்கள் என்று அவளிடம் சொல்லி வைத்திருந்தேன். இரண்டு பக்கமும் பொய் சொன்னவன் நான்.

அம்மா என்ன சொன்னாள்? திட்டினாளா? திட்டியிருந்தால் அதையும் எழுது. கண்காட்சிக்கு நான் வருகிறேன். தேங்காயை எடுத்துக்கொண்டு கட்டாயம் வருகிறேன். ஓரமாக நின்றுவிட்டுப் போகிறேன். வரட்டுமா என்று மட்டும் ஒரு வரி எழுது கண்ணு.

உன் நைனா


எம்.கே.பி. நகர்
நவம்பர் 30

மதிப்பிற்குரிய தந்தை அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. அம்மா என்ன சொன்னது என்று கேட்டிருந்தீர்கள், எழுதுகிறேன்.

தண்ணீர் வந்த கடிதத்தைப் படித்ததிலிருந்து அம்மாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் எழுந்து புளிச்சோறு கிளறியது, இரண்டு நாள் கெடாது என்று. கருவாட்டுத் தொக்கு செய்தது. மெழுகுவத்தி, பிளீச்சிங் பவுடர், மாமாவின் சட்டை இரண்டு. நான் நெப்டியூனை எடுத்துக்கொண்டேன். மணலியில் இறங்கி ஷேர் ஆட்டோவில் ஏறியதும், "தண்ணி எதுவரைக்கும் கீதுப்பா?" என்று அம்மா கேட்டது. ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்து, "இன்னா தண்ணி? அது ரெண்டே நாள்ல வடிஞ்சிச்சேம்மா" என்றார். அம்மா என்னிடம், "அவரு தெரு பள்ளம்டி, அங்க நிக்கும்" என்றது. உங்கள் தெருவில் புழுதி பறந்தது. அப்போதும் அம்மா புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டேதான் நடந்தது.

கதவைத் திறந்த அக்கா என்னைப் பார்த்ததும், "குழலியா? உன் லெட்டரெல்லாம் அவர் படிச்சுக் காட்டுவாரு" என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். பாயில் குழந்தை படுத்திருந்தது. "நிலவா, பேரு வெச்ச அக்கா வந்திருக்கா பாரு" என்றார். அம்மா பெயரைக் கேட்டதாகவே தெரியவில்லை. குழந்தையின் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தது. அதன்மேல் வாட்டிய வெற்றிலை இருந்தது.

அம்மா திட்டவில்லை. அந்த அக்கா குழந்தையைத் தூக்கியபோது, "தல இன்னும் நிக்கலம்மா, கைய குடுத்துத் தூக்கு" என்றது. கேரியரை வைத்தது. வெளியே வந்துவிட்டது. பஸ்ஸில் மூலக்கடை தாண்டியதும், "கேரியர வுட்டுட்டு வந்துட்டேன்" என்றது. போய் வாங்கி வரட்டுமா என்றேன். "வோணாம்" என்றது. நான் அழுதேன். அம்மா அழவில்லை, அதைப் பார்த்து எனக்கு இன்னும் அழுகை வந்தது.

எனக்கு உங்கள்மேல் ரொம்பக் கோபம். உங்கள் கடிதங்களிலும் ஏதோ ஒன்று இழுத்துக்கொண்டேதான் இருந்தது. பாடம் படித்தும் நான் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை.

கண்காட்சிக்கு வர வேண்டாம். நெப்டியூன் வெறும் கண்ணுக்குத் தெரியாது, அதனால் அந்த இடம் காலியாக இருந்தாலும் தப்பில்லை என்று மிஸ்ஸிடம் சொல்லிவிட்டேன். அவர்கள் என் தலையைத் தடவினார்கள். கடிதப் பயிற்சிக்கும் மார்க் போட்டாகிவிட்டது. நீங்கள் இனிமேல் எழுதத் தேவையில்லை.

நிலவன் பெயரை மாற்றிவிடாதீர்கள். அவன் ஒன்றும் செய்யவில்லை. அந்தத் தேங்காய்க்கு அடித்தது கதவுக்கு அடிக்கிற பெயின்ட், மிச்சம் இருந்ததை மாமா கொடுத்தார். உடைத்துச் சமையலில் போட்டுவிட வேண்டாம். அவன் தவழ ஆரம்பித்தால் கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் வைப்பான். எட்டாத இடத்தில் வையுங்கள்.

இப்படிக்கு,
வே. கார்குழலி
ஏழாம் வகுப்பு 'ஆ'