சித்தி: பொருள் இரண்டு

மார்ச் 3

அன்புள்ள மகளுக்கு,

புது வேலை, புது அறை எல்லாம் எப்படி இருக்கிறது? உன் அப்பா தினமும் தபால் பெட்டியைத் திறந்து பார்க்கிறார். கேட்டால் "சும்மா தூசி தட்டினேன்" என்கிறார்.

அகராதி அலுவலகத்தில் எங்களுக்கு இப்போது ‘ச’ வரிசை. இந்த வாரம் என் மேசைக்கு வந்த சொல் எது தெரியுமா? சித்தி! பொருள் ஒன்று: அம்மாவின் தங்கை, சித்தப்பாவின் மனைவி. பொருள் இரண்டு: அப்பாவின் இரண்டாம் மனைவி. இரண்டாவதற்கு ஓர் எடுத்துக்காட்டு வாக்கியம் வேண்டும். மேற்கோள் பெட்டியில், கதைகளிலிருந்து எடுத்தெழுதிய முப்பத்தெட்டு அட்டைகள். எல்லாவற்றிலும் சித்தி சூடு வைக்கிறாள், இல்லாவிட்டால் பட்டினி போடுகிறாள். சரி, ‘மாற்றாந்தாய்’ பக்கம் போகலாமென்றால் அங்கே முழுக்க ‘அரசின் மாற்றாந்தாய் மனப்பான்மை’ என்று செய்தித்தாள் துணுக்குகள். எந்த ஊருக்குக் குழாய்த் தண்ணீர் வராவிட்டாலும் பழி என் தலையில்தான்! அதே உறவைச் ‘சின்னம்மா’ என்றால் மட்டும் யாரும் முகம் சுளிப்பதில்லை. ஏனோ?

நீ என்னை ஒரு முறைகூட முறை சொல்லிக் கூப்பிட்டதில்லை. பதிமூன்று வருஷமாக ‘இந்தாங்க’, ‘இங்க பாருங்க’தான். குறையாகச் சொல்லவில்லை. இல்லை, குறைதான், கொஞ்சம். சித்தி என்ற சொல்லைக் கேட்டால் உனக்கு என்ன தோன்றுகிறது? உள்ளதைச் சொல்.

வேளைக்குச் சாப்பிடு.

உன் அப்பாவின் இரண்டாம் மனைவி

மார்ச் 11

வணக்கம்.

அறை பரவாயில்லை, ஜன்னல்தான் சாத்த வராது.

கூட வேலை செய்யும் அக்காவிடம், "சித்தின்னா உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்?" என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை, "லீவு!" என்றார். சின்ன வயதில் பள்ளி மூடினால் நேரே அம்மாவின் தங்கை வீடுதானாம். சொல்லும்போதே முகமெல்லாம் சிரிப்பு.

எனக்கு என்ன தோன்றுகிறது என்பதைப் பிறகு எழுதுகிறேன்.

மார்ச் 15

அன்புள்ள சித்தி,

இந்த ஒரு வரிக்கு நாலு காகிதம் கிழித்தேன்.

நீங்கள் நம் வீட்டுக்கு வந்தபோது எனக்கு ஒன்பது வயது. அம்மா போய் ஒன்றரை வருஷம். மாடி வீட்டு அத்தை என் தலையைத் தடவி, "பாவம், சித்தி கையில மாட்டிக்கிச்சு" என்றார். நீங்கள் உள்ளே என் பள்ளிப் பையின் அறுந்த வாரைத் தைத்துக்கொண்டிருந்தீர்கள். ‘சித்தி’ என்பது ஏதோ கெட்ட வார்த்தை என்று நினைத்துவிட்டேன். உங்களைப் போய் அப்படிக் கூப்பிட எனக்கு மனசு வரவில்லை. பொருள் தெரிந்தபோது வளர்ந்துவிட்டேன், அப்புறம் வாய் வரவில்லை. உங்களைப் பிடிக்காமல் இல்லை சித்தி.

வாக்கியம் இதோ: "சித்தி மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றிவைத்துக்கொண்டு வீடு முழுக்க அதைத் தேடினார்." ‘தேடினாள்’ என்று மாற்றிவிடாதீர்கள், மரியாதை முக்கியம்.

உங்கள் மகள்

மார்ச் 22

என் கண்ணு,

உன் கடிதத்தில் முதல் வரியைத் தாண்டவே எனக்கு அரைமணி நேரம் ஆனது. அழுதேன், வேறென்ன.

வாக்கியத்தை அகராதி ஆசிரியரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா இது அம்மாவோட தங்கச்சியா, அப்பாவோட ரெண்டாவது சம்சாரமான்னே தெரியலையேம்மா?"

"தெரிய வேணாம் சார், அப்படியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, அட்டையில் பதிவு செய்ய மூக்குக்கண்ணாடியைத் தேடினேன். அவர்தான் என் தலையைக் காட்டினார்.

சித்தி