எட்டு அவுன்ஸ் சிவப்புக் கிளவுஸ்

ஆகஸ்ட் 11, திங்கள்

குத்துச்சண்டைக் கிளவுஸை மின்விசிறிக்கு அடியில் காய வைத்திருக்கிறேன். ஒன்றரை வருடமாக உழைக்கிறது, ஒரு தையல் பிரியவில்லை. அண்ணன் பெங்களூரிலிருந்து அனுப்பியது. தோல் இல்லை, தோலுக்கு ஈடாக உழைக்கிற வேறு ரகம். பன்னிரண்டு அவுன்ஸ். அம்மா அதை முகர்ந்து பார்த்த பிறகுதான் வீட்டுக்குள் விட்டாள். "நீ குத்துறதுக்கு ஒத்துக்கினேன். தோலுக்கு ஒத்துக்க மாட்டேன்" என்றாள். மேல்சித்தாமூர்க்காரி. நாங்கள் ஜைனர்கள், செருப்பு, பர்ஸ், பெல்ட் எதிலும் எங்கள் வீட்டில் தோல் கிடையாது.

இதையெல்லாம் எழுதவா உட்கார்ந்தேன்? அஸ்வினியைப் பற்றி எழுதத்தான்.

ஜிம்முக்கு வந்து ஐந்து மாதம் ஆகிறது. பெருமுக்கல்லிலிருந்து முதல் பஸ்ஸில் திண்டிவனம் வருகிறாள், பயிற்சி முடிந்து அப்படியே காலேஜுக்குப் போகிறாள். அவள் அம்மா கழனி வேலைக்குப் போகிறவர். இன்று பிரான்சிஸ் மாஸ்டர் எல்லாரையும் நிறுத்தி அவளுடைய இடது கையைக் காட்டினார். குத்திய வேகத்தில் திரும்பி வருகிறதாம். மூன்று வருடமாக அதே இடது கையை நானும் நீட்டிக்கொண்டிருக்கிறேன். என்னைக் காட்டி அவர் யாரையும் நிறுத்தியதில்லை.

அக்டோபரில் விழுப்புரத்தில் மாவட்டப் போட்டி. ஐம்பத்து நான்கு கிலோவில் எங்கள் ஜிம்மிலிருந்து ஒருத்திதான் போகலாம். நானும் ஐம்பத்து நான்கு. அவளும்.

ஆகஸ்ட் 14

பொறாமை எல்லாம் இல்லை. சும்மா ஒரு எரிச்சல்.

ஆகஸ்ட் 18, திங்கள்

பொறாமைதான். யாரிடம் மறைக்கிறேன், இந்த நோட்டிடமா?

இன்று என்னையும் அவளையும் மோத விட்டார். ஜிம்மின் பொதுக் கிளவுஸ்தான் அவளுக்கு, நாலு பேர் வியர்வை ஊறினது. அதை வைத்துக்கொண்டே என் முகத்தில் மூன்று முறை தொட்டுவிட்டாள். ஒவ்வொரு அடிக்கும் ஒரு "சாரிக்கா". அடியைத் தாங்கிவிடலாம், அந்த சாரியைத் தாங்க முடியவில்லை. வக்கீல் ஆபீசில் நாள் முழுக்க டைப் அடிக்கும்போதும் காதில் அதுதான்.

செப்டம்பர் 1, திங்கள்

பயிற்சி முடிந்து, கையில் கட்டியிருந்த ராப் துணியை அவிழ்த்துச் சுற்றிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சொந்தமாகக் கிளவுஸ் வாங்கப் போகிறாளாம், பணம் சேர்த்து வைத்திருக்கிறாளாம். "தோல் வேணாங்க்கா. தோல் இல்லாம, நாள்பட உழைக்கிற மாதிரி எது வாங்கலாம்? நீங்க சொன்னா அதையே வாங்கிக்கினு வந்துடுவேன்" என்றாள்.

தோலுக்குக் காசு போதவில்லை போல என்று நினைத்தேன். கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். விரல் முட்டி வருகிற இடத்தில் கட்டை விரலால் அமுக்கிப் பார், நுரை உடனே எழும்ப வேண்டும். மணிக்கட்டுப் பட்டை நீளமாக இருக்க வேண்டும். பன்னிரண்டு அவுன்ஸுக்குக் குறையக் கூடாது. தினமும் தொங்குகிற மணல் பேக்கில் குத்துகிற கைக்கு அதுதான் காவல். இவ்வளவும் நாக்கு நுனியில் இருந்தது.

பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் சிவப்பு ரெக்சின் ஒன்று தொங்குகிறது, எட்டு அவுன்ஸ், அதை வாங்கு என்றேன். லேசா இருக்கும், கை வேகமா வரும்.

பொய் ஒன்றும் சொல்லவில்லையே. லேசாகத்தான் இருக்கும்.

செப்டம்பர் 3

வாங்கிவிட்டாள். சந்தனம் குங்குமம் வைத்து எடுத்து வந்து முதலில் என்னிடம்தான் காட்டினாள். மாஸ்டர் வாங்கிப் பார்த்து, ஆளோடு மோதும்போது இது வேண்டாம், பேக்கிலும் ஜாஸ்தி குத்தாதே என்றார். யார் சொல்லி வாங்கினாய் என்று கேட்பாரோ என்று பயந்தேன். கேட்கவில்லை.

செப்டம்பர் 16, செவ்வாய்

மாஸ்டர் வருவதற்கு அரை மணி முன்பே வந்து சிவப்பைப் போட்டுக்கொண்டு பேக்கில் குத்துகிறாள். புதுசு மோகம். நிறுத்து என்று சொல்லலாம். சொல்லவில்லை. ஓரமாகக் கயிறு தாண்டிக்கொண்டு எண்ணிக்கொண்டிருந்தேன். அவளுடைய குத்துகளை.

செப்டம்பர் 24

கட்டை விரல் பக்கம் உரிந்துவிட்டது. ஒட்டுப் பட்டை பிடிக்காமல் டேப் சுற்றியிருக்கிறாள். அவள் தண்ணீர் பிடிக்கப் போனபோது முட்டி இருக்கும் இடத்தை அமுக்கிப் பார்த்தேன். நுரை எழும்பவே இல்லை.

வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

செப்டம்பர் 28, ஞாயிறு

அஸ்வினிக்கு வலது கையில் விரல் முட்டி வீங்கிவிட்டது, விரலை மடக்க முடியவில்லை. எலும்பு முறியவில்லையாம். மூன்று வாரம் எதையும் குத்தக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மாஸ்டர் போட்டிக்கு என் பெயரைக் கொடுத்துவிட்டார்.

கிடைத்துவிட்டது. சந்தோஷமாக இருக்கிறதா? இருக்கிறது. இல்லை என்று எழுதினால் அதுவும் ஒரு பொய். பொழுது சாய்வதற்குள் சாப்பிடுவதுதான் வீட்டு வழக்கம். இன்று சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்ததில் இருட்டிவிட்டது, அம்மா தட்டை எடுத்துவிட்டாள்.

அக்டோபர் 12, ஞாயிறு

விழுப்புரம். முழுதாக எழுதிவிட வேண்டும்.

அஸ்வினியும் வந்தாள். வீங்கிய கையை வைத்துக்கொண்டு என் பையைத் தூக்கினாள், தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என் முறை வந்தபோது கிளவுஸை எடுத்துக்கொண்டு போனேன். அது வேண்டாம், போட்டிக்கு நாங்கள் கொடுப்பதைத்தான் போட வேண்டும் என்று ஒரு ஜோடியை நீட்டினார்கள். எனக்கு இதுதான் முதல் போட்டி. அப்படி ஒரு விதி இருப்பதே தெரியாது. கையில் வாங்கியதும் மணம் வந்தது. தோல்.

அப்படியே நின்றுவிட்டேன். மாஸ்டர் அந்தப் பக்கம் மேஜையில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அஸ்வினி கிட்டே வந்து என் காதில் சொன்னாள்:

"தோலுக்கா. நீங்க போடாதீங்க. மாஸ்டராண்ட சொல்லி வேற கேக்கட்டா?"

உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"உங்க வீட்ல தோலே தொட மாட்டீங்கன்னு மாஸ்டர் ஒரு நாள் சொன்னாரு. அதான் நான் தோல் வாங்கல. எங்க அண்ணன் தோல்லயே வாங்கிக்கோன்னு மேல காசு குடுத்துச்சு. நாம தினம் மோதுறோம், உங்க மூஞ்சியில படுமேன்னுதான்..."

பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். கையை நீட்டி, கட்டு என்றேன். வலிக்கிற கையோடு கட்டிவிட்டாள்.

தோற்றேன். இரண்டாவது சுற்றில் நிறுத்திவிட்டார்கள். எதிரே இருந்தவளின் முகம்கூட நினைவில்லை.

திரும்பும் பஸ்ஸில், விக்கிரவாண்டி தாண்டியதும் சொல்லிவிட்டேன். எட்டு அவுன்ஸ் உனக்கு ஆகாது என்று தெரிந்தேதான் சொன்னேன், பேக்கில் குத்தும்போது பார்த்துக்கொண்டேதான் இருந்தேன், உன் மேல் பொறாமை.

"தெரிஞ்சேவா சொன்னீங்க?"

"ஆமா."

எழுந்து முன்னால் போய் வேறு சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். திண்டிவனத்தில் இறங்கிப் போகும்போது என் பையை மட்டும் என் சீட்டில் வைத்துவிட்டுப் போனாள்.

அக்டோபர் 15

வரவில்லை.

அக்டோபர் 17

வரவில்லை. மாஸ்டர் என்னிடம் கேட்டார். சொன்னேன். அவர் பேக்கைப் பிடித்துக்கொண்டு "குத்து" என்றார். குத்த வரவில்லை.

அக்டோபர் 26, ஞாயிறு

விழுப்புரத்துக்குப் போய் ஒரு ஜோடி வாங்கிவந்தேன். தோல். பன்னிரண்டு அவுன்ஸ். ஆறு ஜோடியைப் பிரிக்க வைத்தேன், எல்லாவற்றிலும் கை விட்டுப் பார்த்தேன். தையல், பட்டை, நுரை. கடைக்காரருக்குப் பேஜாராகிவிட்டது.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வாசலில் இருந்த பெட்டியை எட்டிப் பார்த்தாள். பிறகு, "அது வாசல்லயே இருக்கட்டும். நீ குளிச்சிட்டு உள்ள வா" என்றாள்.

அக்டோபர் 29, புதன்

அஸ்வினி வந்திருந்தாள். பெட்டியை நீட்டினேன். திறந்தாள். முட்டி வருகிற இடத்தைக் கட்டை விரலால் அமுக்கினாள், விட்டாள், மறுபடியும் அமுக்கினாள். யாரிடம் கேட்டுக் கற்றுக்கொண்டாளோ. நான் சொன்னேன் என்பதற்காக இனி அவள் எதையும் எடுத்துக்கொள்ள மாட்டாள்.

"உங்க மேல படும்" என்றாள்.

பரவாயில்லை என்றேன்.

நவம்பர் 5, புதன்

இன்று எங்களை மறுபடி மோத விட்டார் மாஸ்டர். இரண்டாவது நிமிடம் அந்த இடது கை வந்தது. தோல் என் கன்னத்தில் நன்றாகப் பட்டது, காது வரை எரிந்தது. வழக்கம்போல ஒரு "சாரிக்கா" வரும் என்று காத்திருந்தேன்.

வரவில்லை. அடுத்த குத்துதான் வந்தது.