பிரிக்கப்படாத ஊசிகள்

கோவளம்
3.3.2025

திருமதி கவியா அவர்களுக்கு,

என் கைப்பேசி எண்ணை நீ தடுத்து வைத்திருப்பதால் இக்கடிதம். முட்டுக்காடு படகுத் துறையில் சிப்பி கிழித்த காலோடு வந்த என் தம்பி ஸ்டான்லியைப் பத்து நாட்கள் பேணியவள் நான். மூச்சுத் திணறியதும் செங்கல்பட்டு மருத்துவமனைக்குக் கொண்டுசென்றவள் அவன் மனைவி நீ. போகும்போது, மருத்துவர் எழுதி நீ வாங்கி அனுப்பிய ஊசிகளில் மூன்று குளிர்பெட்டியில் பிரிக்காமல் கிடந்ததைக் கண்டு என்னைக் கொலைகாரி என்றாய்.

ஊசியை நிறுத்தினேன், மறுக்கவில்லை. புண்ணில் இரத்தம் கசிந்துகொண்டிருக்கையில், இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தை எவரேனும் செலுத்துவரா? எட்டாம் வகுப்போடு பள்ளி முடிந்தவளாயினும் மருத்துவ நூலை நானே பயின்றவள். அதில் கிருமியும் வீக்கமும் ஏழாம் பாடம். இரத்த உறைவு பதினொன்றாம் பாடம். இரண்டுக்கும் தொடர்பில்லை.

இங்ஙனம்,
பிரிசில்லா

செங்கல்பட்டு
5.3.2025

அண்ணிக்கு,

உங்கள் பாடத்தை டாக்டரம்மாவிடம் சொன்னேன். "உடம்பு என்னம்மா, பாடம் பாடமா பிரிச்சா வேலை செய்யுது?" என்றார். கிருமி நுழைந்தால் வெள்ளை அணுக்கள் தங்கள் உள்ளிழைகளையே வலையாக வீசுமாம். அதில் இரத்தம் உறைந்து கிருமியைச் சிறைபிடிக்குமாம். காப்பதற்குத்தான். ஆனால் வீக்கம் அடங்காவிட்டால் அந்த உறைவே இரத்தக் குழாயை அடைக்கும், வீக்கத்தையும் கிளப்பிவிடும். கெண்டைக்காலில் உறைந்தது நுரையீரலுக்குப் போயிருக்கிறது.

உங்கள் தம்பி பிழைத்துக்கொண்டார். ஆக்சிஜன் குழாயோடு என்னிடம் பேசிய முதல் பேச்சு: "ஊசி வாங்கி அனுப்பக்கூட உனுக்கு டைம் இல்லியா? அக்கா மூணு நாளா வழி பாத்துகினு இருந்துச்சே!"

நான் அனுப்பவில்லை என்று சொன்னது நீங்கள். "எங்க அக்கா பொய் சொல்லாது" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். உங்கள் கடிதத்தைக் காட்டினால் ஒரு நிமிடத்தில் முடியும். காட்டவில்லை. காட்டினால் அப்புறம் உங்களை அக்கா என்று கூப்பிடமாட்டார். நீங்களே எழுதுங்கள். ஞாயிறு தாண்டினால் நான் மதுராந்தகத்துக்கு, என் அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன்.

கவியா

கோவளம்
8.3.2025

அன்புத் தம்பி ஸ்டான்லிக்கு,

நலம் வினவும் தகுதி எனக்கில்லை.

கவியா நாள் தவறாமல் ஊசி அனுப்பினாள். அவற்றை ஒளித்தவளும், வரவில்லை என்று உன்னிடம் பொய்யுரைத்தவளும் நான். என் படிப்பைவிட மருத்துவரின் சீட்டை நீ நம்பிவிடுவாய் என்று அஞ்சினேன். உனக்கு மூச்சுத் திணறியபோதும் வாய் திறக்கவில்லை.

இதை அவள் எதிரில் உரக்கப் படி. முதலில் அவளிடம் மன்னிப்புக் கேள். என்னோடு பேசுவதா வேண்டாமா என்பதைப் பிறகு முடிவு செய்.

அவளை எனக்கு இன்றும் பிடிக்கவில்லை. ஆயினும் அவள் உன்னிடம் ஒரு பொய்யும் கூறவில்லை.

பிரிசில்லா