நான் ஏறிய நாள், வண்டி நின்ற நாள்

1944, பிப்ரவரி 7, திங்கள்

மூடுபனி. மலை தெரியவில்லை. பெட்ரோல் எல்லாம் யுத்தத்துக்கு. எங்களுக்கு, கரி வாயுவில் ஓடும் பஸ், பின்பக்கம் உலை கட்டியது.

முதல் ஆளாகப் படியில் கால் வைத்தேன். டிரைவர் கோவிந்தன் கையைக் குறுக்கே நீட்டினான்.

"டீச்சரம்மா, கோச்சிக்காதீங்க. நீங்க ஏறுன நாளெல்லாம் வண்டி நடு ரோட்ல நின்னுகினு கீது. அடுத்த வண்டில வாங்க."

பின்னால் யாரோ, "ஆங், வெள்ளப் பொடவ" என்றார்கள். அவர் போய் நான்கு வருஷம். அதற்கும் உலைக்கும் என்ன?

அடுத்த வண்டி பதினொரு மணிக்கு. பொதட்டூர்பேட்டை பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தபோது பாதி நாள் போயிருந்தது. தலைமை ஆசிரியை, "இன்னொரு தடவை தாமதம் என்றால் வேறு ஆள் பார்ப்போம்." எழுத்தில் கொடுத்தாள்.

கோவிந்தன் நாசமாய்ப் போக.

8, செவ்வாய்

அக்கா கணவர் சாப்பிட்டுக்கொண்டே: "அவன் சொல்றதுல தப்பு இன்னா கீது? நாலு பேர் ஏறினப்பறம் நீ ஏறேன்."

"நாலு பேர் ஏறினா என் மூஞ்சி மாறிடுமா பாவா?"

அக்கா மோர் ஊற்றினாள்.

இன்றும் விடமாட்டான் என்று விடியும் முன்னே ஒரு நூல் வண்டியில் ஏறிப் போனேன். மாட்டு வண்டி. இடுப்பு போயிற்று.

மூன்று வருஷம் சென்னையில் விடுதிச் சோறு தின்று கணக்குப் படித்தது எதற்கு? "ஏறுன நாளெல்லாம்" என்கிறானே, எண்ணிப் பார்த்தானா?

9, புதன்

டிக்கெட் குமாஸ்தா ராகவுலுவிடம் டிரிப் நோட்டு கேட்டேன். தினமும் வண்டி எத்தனை தடவை நின்றது, யார் ஓட்டியது, எந்தக் கரி, எல்லாம் அதில் இருக்கும். உடனே கொடுத்துவிட்டார். நல்ல மனசு என்று நினைக்க வேண்டாம். "கோவிந்தனுக்கும் எனக்கும் ஆகாதும்மா. நல்லா எழுதுங்க."

கடைசி அறுபது நாள் பக்கங்களைப் பார்த்தேன். நான் ஏறிய நாட்கள் பள்ளி வருகைப் பதிவில்.

வாங்க: சீயக்காய், சாக்பீஸ், அக்காவுக்கு நூல்கண்டு.

10, வியாழன்

இடைவேளையில் கணக்குப் போட்டேன்.

ஒரு முறையும் நிற்காத நாள் 30. ஒரு முறை நின்றது 18. இரண்டு முறை 12.
நான் ஏறிய நாள் 40. ஏறாதது 20. அதாவது மூன்றில் இரண்டு பங்கு நாள் நான் உள்ளே.

நான் ஏறுவதும் வண்டி நிற்பதும் ஒன்றையொன்று சாராதவை என்றால், ஒவ்வொரு வகை நாளிலும் எனக்கு அதே மூன்றில் இரண்டு பங்குதான் விழ வேண்டும். 20, 12, 8.

நோட்டில் இருப்பது: 20, 11, 9.

முதல் எண் அச்சாகப் பொருந்தியதும் குதிக்கத் தோன்றியது. கூடாது. ஒரு கட்டம் பொருந்தினால் போதாது, ஆறும் பொருந்த வேண்டும். நான் ஏறாத நாட்கள்: வர வேண்டியது 10, 6, 4. வந்தது 10, 7, 3. ஒன்று கூட, ஒன்று குறைய. அறுபது நாளில் அவ்வளவு ஆடத்தான் செய்யும்.

நான் இருந்தாலும் நிற்கிறது. இல்லாவிட்டாலும் அதே அளவு நிற்கிறது. தெரு முழுக்கக் கத்த வேண்டும் போல இருந்தது.

11, வெள்ளி

பஸ் முதலாளியிடம் தாளைக் கொடுத்தேன். படித்தவர். இரண்டு தடவை விரல் வைத்துப் பார்த்தார்.

"கணக்கு சரிதாம்மா. அப்ப உங்க மேல குத்தம் இல்ல. கோவிந்தன்தான் வண்டியக் கெடுக்கறான். திங்கக்கெழம சாவிய வாங்கிடறேன்."

வெளியே ராகவுலு வெற்றிலைச் சிரிப்பு. எனக்கும் சிரிப்பு. மறைக்க மாட்டேன். ரொம்ப நாளைக்குப் பிறகு இரண்டு தடவை சோறு போட்டுக்கொண்டேன்.

12, சனி

அவன் கெடுதலை எண்ணில் பார்த்து ரசிக்கலாம் என்று உட்கார்ந்தேன். இரண்டு டிரைவர்கள், ஆளுக்கு முப்பது நாள். சரி பாதி. கோவிந்தன் கையில் வண்டி கெடாவிட்டால் 15, 9, 6 வர வேண்டும்.

வந்தது 14, 10, 6.

மறுபடி எண்ணினேன். 14, 10, 6. மூன்றாம் தடவை பென்சில் முனை உடைந்தது.

என்னை விடுவித்த அதே கணக்கு அவனையும் விடுவிக்கிறது. சனியன்.

மிச்சம் கரி. கே.ஜி.கண்டிகை கரி 40 நாள், முதலாளியின் மைத்துனர் சூளைக் கரி 20 நாள். சூளைக் கரிக்கு வர வேண்டியது 10, 6, 4. வந்தது 2, 8, 10.

இது ஆட்டம் இல்லை. தலைகீழ்.

13, ஞாயிறு

காய்ச்சல் மாதிரி. காய்ச்சல் இல்லை.

யாரும் என்னிடம் இரண்டாவது தாள் கேட்கவில்லை. கோவிந்தன் படியில் கை நீட்டியபோது யாராவது எனக்காகக் கேட்டார்களா? போகட்டும். வேலை போனால் அவனுக்கும் தெரியட்டும்.

காலையெல்லாம் இப்படி. மத்தியானம் பாவா: "பாத்தியா, உன்னாலதான் ஒருத்தன் வேல போவுது." முந்தா நாள் வரை பஸ்ஸைக் கெடுத்தேன். இன்று ஆளைக் கெடுக்கிறேன். தட்டை நகர்த்திவிட்டு எழுந்தேன். கரிக் கணக்கை ஒரு தாளில் சுத்தமாகப் படியெடுத்தேன். கோவிந்தனுக்காக இல்லை. எண்ணிய பிறகு பொய்யாய் இருக்க முடியவில்லை.

14, திங்கள்

சாவி முதலாளி கையில். கோவிந்தன் வண்டியோரம், துண்டைத் தோளிலிருந்து எடுத்துவிட்டு. ஜனம் வேடிக்கை.

தாளை நீட்டினேன். "இவர் மேல தப்பு இல்லைங்க. கரியிலதான். உங்க மச்சினர் கரி போட்ட இருவது நாள்ல பதினெட்டு நாள் வண்டி நின்னுருக்கு."

முதலாளி முகம் கறுத்தது. "உங்கள யாரு இதெல்லாம் பாக்கச் சொன்னது?"

"போன வாரம் பாத்தப்ப சரின்னீங்களே."

நெசவுக்காரர் ஒருவர், "மச்சான் கரியா? அதான பாத்தேன்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். முதலாளி சாவியைப் பலகையில் வீசிவிட்டு உள்ளே போனார்.

கோவிந்தன் எடுத்தான். உலைப் பக்கம் இருந்த சூளை மூட்டையைக் காலால் கீழே தள்ளினான். கண்டிகைக் கரி ஏற்றினான். பிறகு என்னிடம் வந்தான். நன்றி சொல்வான் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன், முட்டாள்.

"இனிமே என் கணக்க நீங்க பாக்க வேணாம் டீச்சரம்மா."

"பாக்கல. உன் மூஞ்சியையும் பாக்கல. வழி விடு."

விட்டான்.

பொதட்டூர்பேட்டை வரை எங்கும் நிற்கவில்லை. ஒரு நாளை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.