லேசான வேலை

8.7.75 செவ்வாய்

விடியுமுன்னயே மழை. துணி காயல. அடுப்புக்கு மேல கயிறு கட்டிப் போட்டா, புகை நாத்தம்னு இவரு மூஞ்சியத் தூக்கறாரு. அப்ப ஈரத்தையே போட்டுக்கிட்டு வேலைக்குப் போகட்டும்.

தம்பி சேகரைக் கூடலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய் வந்தாச்சு. கூடப் பொறந்தவன மனசு சரியில்லன்னு நாலு பேரு முன்னால சொல்ல வாய் வரல. டாக்டரம்மா எங்களை வெளிய அனுப்பிட்டு அவனோட தனியாப் பேசுனாங்க. மலையாளத்துக்காரங்க, தமிழ் நின்னு நின்னுதான் வருது. அவங்க சொன்னது:

மாத்திரை நம்ம கையால குடுக்கணும்.
காலையில வெளிச்சத்துல நடத்திக் கூட்டிட்டுப் போகணும்.
தனியாச் சாப்பிட விடக் கூடாது. அழுதா அழட்டும்.
படுத்தே கெடக்காம வேலை ஏதாச்சும்.

நானே கெஞ்சி, "லேசான வேலை குடுக்கவும்"னு சீட்டு வாங்கிட்டு வந்தேன். சிலோன்ல எங்க பழைய தேயிலைத் தோட்டத்துல சீக்காளிக்கு லேசான வேலைன்னா நாத்து மேடைதான். நாலு பொம்பளைங்களோட உக்காந்து பையில மண்ணு போடறது, ஊர்வம்பு பேசறது. இவனுக்கு அது போதும்.

9.7 புதன்

மழை. கூடை கனம். கால்ல அட்டை.

காலையில சேகரோட தண்ணித் தொட்டி வரைக்கும் நடந்தேன். திரும்புறப்ப, "மல்லிகா இந்நேரம் பெரட்டுக்குப் போயிருப்பாக்கா"ன்னான். காலையில பேரு குடுக்கறத இங்க மஸ்டர்ங்கறாங்க, இவனுக்கு இன்னும் பெரட்டுதான். மல்லிகா இவன் பொஞ்சாதி. அவளுக்கு அந்த நாட்டுப் பிரஜாவுரிமை, இவனுக்கு இந்தியா பாஸ்போட்டு. ஒரே ரூமு காம்பராவுல குடும்பம் நடத்துனவங்க. இவனை மட்டும் கப்பலேத்தி விட்டானுங்க, நாசமாப் போறவனுங்க.

சாயங்காலம் அரிசியில கல்லு பொறுக்கச் சொன்னேன். பொறுக்குனான். பக்கத்து லயத்து வீட்டு அம்மா எட்டிப் பாத்துட்டு, "காத்து கருப்பு அடிச்சிருக்கும், மந்திரிச்சுப் பாரு"ங்கறா. உன் வேலையப் பாருன்னுட்டேன்.

10.7 வியாழன்

சீட்டக் குடுத்தாச்சு. தலையில இடி.

மேல காட்டோரம் நாத்துக்குக் காவல் போட்டிருக்காரு சூப்பர்வைசரு. பகல் பூராவும். பன்னி எறங்காமப் பாத்துக்கணுமாம். ஒத்தக் குடிசை, ஆள் நடமாட்டமே கெடையாது. ஓடிப் போய் அவரு முன்னால நின்னேன். கோயமுத்தூர்க்காரரு, நல்ல மனுசன்தான்.

"ஐயா, அவனத் தனியா விடக் கூடாதுங்கய்யா."

"ஏனம்மா, சீட்டுல லேசான வேலைன்னுதானே போட்டிருக்குது? நம்ம எஸ்டேட்டுல லேசான வேலைன்னா காவல்தானுங்க. கை ஒடஞ்சவனும் அங்கதான், நெஞ்சுவலிக்காரனும் அங்கதான். சும்மா உக்காந்திருக்கலாமே."

பை நெரப்பறது இங்க கான்ட்ராக்ட் ஆளுங்களாம். எனக்கு எங்க தெரியும்? நானே கேட்டு வாங்கி நானே தள்ளி விட்டாப்புல ஆச்சு.

இவரு வேற. "பேரு விழுது, கூலி வருது, போகச் சொல்லு. நீதான் பெருசு பண்ற."

12.7 சனி

சேகர் மூணு நாளா மேல போறான். சோறு அப்படியே திரும்பி வருது. "அங்க என்னடா பண்ணுவ?"ன்னேன். "ஒண்ணுமில்லக்கா. மரத்தப் பாத்துக்கிட்டு இருப்பேன்."

சூப்பர்வைசரைப் பாக்கப் போனேன். லீவு, திங்கக்கெழமைதான் வருவாராம்.

உப்பு தீந்துபோச்சு. மண்ணெண்ணெய் பாதி.

14.7 திங்கள்

சூப்பர்வைசரு வரல. ரோட்டுல தண்ணியாம்.

சேகர் தாடி எடுத்திருக்கான். ரெண்டு தரம் சோறு கேட்டு வாங்கித் தின்னான். என்னைக் கேக்காமலே தண்ணி எடுத்து ஊத்துனான். லயமே, தேறிட்டான் தேறிட்டான்னு சொல்லுது. இவரு, "பாத்தியா, நான் அப்பவே சொல்லல?"

கப்பல்ல போட்டுட்டு வந்த கம்பளிக் கோட்டப் பக்கத்து லயத்துப் பெரியவருக்குக் குடுத்துட்டான். ஏன்டான்னா, "மேல நல்ல வெயிலுக்கா"ங்கறான். ஜூலை மாசத்துல எங்கடா வெயிலு? அப்புறம், "மல்லிகாவுக்கு நீ எழுதுக்கா. நல்லா இருக்கச் சொல்லு"ன்னான். நீயே எழுதுன்னேன். சிரிச்சான்.

நான் சந்தோசப்படணும். முடியல. யாருகிட்ட சொல்ல?

15.7 செவ்வாய்

காலையில போறப்ப என் காலத் தொட்டுட்டுப் போனான். இன்னிக்கு என்ன நாளு, பொங்கலா தீவாளியா? மலையில நிக்கறேன், கொழுந்துல கை ஓடல. பத்து மணி இருக்கும். கூடையப் போட்டுட்டு ஏறிட்டேன். கங்காணி கத்துறாரு, அரைப் பேருதான்னு. அரையோ காலோ, போகட்டும்.

குடிசை வாசல்ல உக்காந்திருந்தான். என்னப் பாத்ததும் மூஞ்சி செத்துப்போச்சு. சோத்துப் பாத்திரத்த எடுக்கவே இல்ல, வீட்டுலயே வச்சிட்டு வந்திருக்கான். பக்கத்துல ஒட்டி உக்காந்தேன். கேக்க வாய் கூசுச்சு, கேட்டுட்டேன்.

"செத்துடலாம்னு இருக்கியாடா?"

தலையக் குனிஞ்சுக்கிட்டு, "ஆமாக்கா. இன்னிக்கு. நீ வருவேன்னு நெனைக்கல."

திட்டல. கையப் பிடிச்சேன், எறக்கிக் கூட்டியாந்துட்டேன். நாத்தப் பன்னி திங்கட்டும்.

கூடலூர் ரோட்டுல மண்ணு சரிஞ்சு பஸ் இல்ல. விடிஞ்சா விடலாம்ங்கறாங்க. இவருகிட்ட ஒளிக்காமச் சொன்னேன். போய் அவன் பக்கத்துல உக்காந்துக்கிட்டாரு. இப்ப என்னென்னமோ பேசிக்கிட்டிருக்காரு, சிலோன் தோட்டத்துப் பழைய தொரையோட நாயப் பத்தியெல்லாம்.

சேகர் என்னையே பாக்கறான். இப்பத்தான் கேட்டான்.

"காலையில பஸ் வந்துடுமாக்கா?"

வரும்னு சொல்லியிருக்கேன். மழை விடல.